இருபத்திரண்டு டிகிரித் தண்ணீர்

ஏலே ராசா,

அடுத்த அறையில் நீ பெட்டியில் துணி அடுக்குகிற சத்தம் கேட்கிறது. பத்தடி தூரத்தில் இருக்கிற மகனுக்கு எவனாவது உட்கார்ந்து கடிதம் எழுதுவானா? நான் எழுதுகிறேன். வாயைத் திறந்தால் எனக்குக் கத்தத்தான் வரும், அது உனக்கே தெரியும். காலையில்கூடத் துண்டை மடித்து வைக்கவில்லை என்று கத்தினேன். துண்டுக்காகவா கத்தினேன்? பயத்தில் கத்தினேன். இந்த வீட்டில் இருபது வருடமாக நான் போட்ட சத்தத்தில் முக்கால்வாசி பயத்தில் போட்டதுதான். உன் அம்மாவுக்கு அது தெரியும். அதனால்தான் நான் கத்தும்போதெல்லாம் அவள் பதில் சொல்லாமல் ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போவாள்.

திங்கட்கிழமை நீ பம்பாய்க்கு ரயில் ஏறுகிறாய். டைப்பும் சுருக்கெழுத்தும் பாஸ் பண்ணி, நேரில் பார்க்காமலே வேலைக்கு எடுத்துக்கொள்கிற அளவுக்குப் பேர் வாங்கிவிட்டாய். ஊரெல்லாம் நான்தான் சொல்லிக்கொண்டு திரிந்தேன், உப்பளத்தில் ஒருத்தனையும் விடவில்லை. ஆனால் பம்பாய் மாட்டுங்காவில் இருக்கிற உன் சிநேகிதன் போட்ட கடிதத்தை நீ சத்தமாக வாசித்தாயே, அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. ஒரே அறையில் நம்ம ஊர்ப் பையன்கள் ஐந்து பேர், நீ ஆறாவது ஆள். மாடிக்கு ஒரு கக்கூஸ். காலையில் வாளியோடு வரிசையில் நிற்க வேண்டும், உள்ளே போனவன் வெளியே வர நேரமானால் கதவைத் தட்டுவார்கள் என்று எழுதியிருந்தான். அவனுக்கு அது வேடிக்கை. மற்றவனுக்கு ஐந்து நிமிட வேலை, உனக்கு முக்கால் மணி நேரம். எனிமா டப்பாவும் ரப்பர் குழாயும் துணியுமாக நீ உள்ளே உட்கார்ந்திருக்க, வெளியே ஆட்கள் கதவைத் தட்டுகிறதை நான் இங்கே இருந்தபடியே கேட்கிறேன். மூன்று மணி நேரத்துக்கு ஒரு முறை அடிவயிற்றை அமுக்கி ஒண்ணுக்குப் போக வேண்டும், ஆபீசில் முதலாளி இங்கிலீஷில் கடிதம் சொல்லிக்கொண்டிருக்கும்போது நேரமாகிவிட்டால் எழுந்து போக விடுவானா? நீ கேட்பாயா? கேட்க மாட்டாய். அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பாய். பிறகு காய்ச்சல் வரும்.

இதையெல்லாம் சொல்ல இந்தக் கடிதம் வேண்டாம், உன் அம்மா ஏற்கெனவே நூறு தடவை சொல்லிவிட்டாள். உன் இடுப்புக்குக் கீழே வலது பக்கம் ஒரு தழும்பு இருக்கிறதே, அதைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்தேன். கரண்ட் வைத்தியம் உன் உடம்புக்கு ஒத்துக்கொள்ளாமல் வெந்துபோனது, ஆஸ்பத்திரியிலேயே வேண்டாம் என்று நிறுத்திவிட்டார்கள், இதுதான் உனக்கு நான் சொன்னது. அதில் பாதி நான் செய்த தப்பு, பாதி நான் சொன்ன பொய். உண்மையைத் தெரியாமல் நீ ரயில் ஏறிப் போய்விட்டால் அப்புறம் எனக்கு அதைச் சொல்கிற தைரியம் வராது.

ஆதியிலிருந்து சொல்கிறேன், பொறுத்துக்கொள். நீ பிறந்தபோது முதுகின் அடியில் எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு வீக்கம் இருந்தது. மேலே தோல் மூடியிருந்தது. அது மூடியிருந்ததால்தான் நீ பிழைத்தாய் என்று பின்னால் சொன்னார்கள். பிரசவம் பார்த்த நர்ஸ், “இதத் தொட்டுராதிய, மல்லாக்கப் போட்டுராதிய” என்று சொல்லிவிட்டுப் போனாள். உன் அம்மா ஒரு வருடம் உன்னைக் குப்புறவும் ஒருக்களித்தும்தான் கிடத்தினாள். நான் உன்னைத் தூக்கவே பயந்தேன். மூன்று வயதில் இடது காலைச் சாய்த்துச் சாய்த்து நீ நடந்தபோது, அப்பாடா, கண்டம் கழிந்தது என்று நினைத்தேன். அதற்குப் பிறகுதான் எல்லாமே இருக்கிறது என்று யார் கண்டது?

மற்ற பிள்ளைகள் சொல்லிவிட்டுப் போகிற வயதில் நீ நனைத்துக்கொண்டே இருந்தாய். ஒண்ணுக்கும் அப்படித்தான், ரெண்டுக்கும் அப்படித்தான். உனக்கு ஆறு வயது இருக்கும், ஒரு கல்யாண வீட்டுக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தோம். புது டவுசர் போட்டுவிட்டு இரண்டு நிமிடம் ஆகவில்லை, கால் வழியாக இறங்கிவிட்டது. “வாயிருக்குல்லால? சொல்லத் தெரியாது? மாடா நீ?” என்று விளக்குமாற்றை எடுத்தேன். நீ அழுதுகொண்டே சொன்னாய், “யப்பா, வந்த பொறவுதாம்பா எனக்கே தெரியுது.” நான் நம்பவில்லை. திமிர் என்று நினைத்தேன், இன்னும் இரண்டு போட்டேன். டாக்டர் சொல்வதற்கு ஐந்து வருடத்துக்கு முன்னாலேயே உன் வியாதியை ஒரே வரியில் நீ சொல்லிவிட்டாய். கேட்கிற காது எனக்கு இல்லாமல் போயிற்று. இதற்கு எத்தனை மன்னிப்புக் கேட்டாலும் அந்த இரண்டு அடி திரும்பி வராது.

பள்ளிக்கூடத்தில் உன்னைக் கதவோரம் தனியாக உட்கார வைத்தார்கள். மூன்றாம் வகுப்பில் பெரிய வாத்தியார் என்னைக் கூப்பிட்டு, “பையனுக்குச் சரியானதும் கூட்டிட்டு வாங்க, அண்ணாச்சி. மத்த பிள்ளையள் மூக்கப் பொத்துது” என்றார். நான் தலையை ஆட்டிவிட்டு வந்துவிட்டேன். உன் அம்மாதான் மறுநாள் போய்ப் பள்ளிக்கூட வாசலில் நின்று, “எப்ப சரியாவும்னு நீங்க சொல்லுங்க சார், அது வரைக்கும் நான் இங்கனயே நிக்கேன்” என்று சண்டை போட்டாள். அப்புறம் இடைவேளைக்கு இடைவேளை மாற்றுத் துணியோடு அவள் அங்கே போய் நின்றாள். நீ படித்த படிப்பு அவள் நின்று வாங்கிய படிப்பு. நான் உப்பளத்தில் பாத்தித் தண்ணீருக்கு டிகிரி பார்த்துக்கொண்டிருந்தேன்.

உனக்குப் பதினோரு வயதில் குளிர்க் காய்ச்சல் கண்டு பஸ் ஏற்றி அந்த மிஷன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். அங்கேதான் முதல் தடவையாக ஒரு டாக்டர் உன் முதுகைத் தடவிப் பார்த்துவிட்டு, முதுகெலும்பு சரியாக மூடாமல் பிறந்த பிள்ளை என்று சொன்னார். மூத்திரம் முழுதாக இறங்காமல் உள்ளே தங்கித் தங்கித்தான் காய்ச்சல் வருகிறது, இப்படியே விட்டால் கிட்னி போய்விடும் என்றார். பிறகு எங்களை எஸ்தரிடம் அனுப்பினார். நீ “கரண்டு அக்கா” என்று பேர் வைத்தாயே, அவர்தான். சாத்தான்குளத்துப் பக்கம், வாத்தியார் வீட்டுப் பிள்ளை, முப்பது வயதுகூட இருக்காது. நான் “டாக்டரம்மா” என்றேன். “நான் டாக்டர் இல்ல அண்ணாச்சி, பிசியோதெரபி. எஸ்தர்னு கூப்பிடுங்க” என்றார். கடைசி வரைக்கும் நான் டாக்டரம்மா என்றுதான் கூப்பிட்டேன்.

அவர் ஒரு குண்டூசியை எடுத்து உன் இடுப்பின் பின்பக்கம் மெதுவாகக் குத்திக் குத்தி, “இங்கன தெரியுதா? இங்கன?” என்று கேட்டுக்கொண்டே போனார். தெரிகிற இடம் முடிந்து தெரியாத இடம் தொடங்குகிற எல்லையை ஊதா மருந்தால் கோடு போட்டார். அந்தக் கோட்டுக்கு உள்ளே குத்தினால் நீ ஜன்னலில் இருந்த காக்கையை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தாய். இத்தனை வருடம் என் பிள்ளையின் உடம்பில் பிள்ளைக்கே தெரியாத ஓர் இடம் இருந்திருக்கிறது. “சேதி கொண்டுபோற நரம்பு இங்கன சிக்கிக் கெடக்கு அண்ணாச்சி. கரண்ட் புது நரம்பு உண்டாக்காது. இருக்குத நரம்பக் கொஞ்சம் எழுப்பிப் பாக்கும். எழும்பலாம், எழும்பாமலும் போகலாம். வெளிநாட்டுல பிள்ளையளுக்குச் செஞ்சு பாக்காங்க. ஆபரேசன் இல்ல, ஊசி இல்ல, தோலுக்கு மேல ரெண்டு தகடு வைக்குததோட சரி. சில பேருக்குக் கேட்டிருக்கு, சில பேருக்குக் கேக்கல. நான் சத்தியம் பண்ண மாட்டேன்” என்றார்.

கரண்ட் என்ற வார்த்தையைக் கேட்டதும் எனக்கு வேலுச்சாமிதான் ஞாபகம் வந்தான். உப்பளத்தில் என்னோடு வேலை பார்த்த வேலுச்சாமியை உனக்குத் தெரியாது. அதற்கு முந்தின வருடம் பம்ப் மோட்டாரின் ஸ்விட்சை ஈரக் கையோடு தொட்டு, முழங்கால் தண்ணீரில் நின்றபடியே போய்விட்டான். நான் இருபது அடி தூரத்தில் நின்றிருந்தேன். ஓடக்கூட முடியவில்லை, தண்ணீரில் கால் வைத்தால் நானும் போயிருப்பேன். உப்புத்தண்ணீரும் கரண்டும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று பார்த்தவனிடம் வந்து, உன் பிள்ளையின் முதுகில் உப்புத்தண்ணீரில் நனைத்த பஞ்சை வைத்துக் கரண்ட் விடப்போகிறேன் என்கிறார்கள்! எழுந்து ஓடிவிடலாம் என்றுதான் தோன்றியது. உன் அம்மா என் வேட்டியைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தாள். “உங்களுக்குப் பயமா இருந்தா வெளிய போய் நில்லுங்க. நான் இருக்கேன்” என்றாள். நான் போகவில்லை. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். தகட்டைக் கட்டி, எஸ்தர் கரண்ட் பெட்டியின் குமிழைத் திருகியதும் நீ சிரித்தாய். “யப்பா, எறும்பு ஊருது” என்றாய். அவ்வளவுதான், வேறொன்றும் இல்லை. நான் வெளியே போய் வேப்பமரத்தடியில் வாந்தி எடுத்தேன்.

ஆறு வாரம், வாரத்துக்கு மூன்று நாள் பஸ்ஸில் போய் வந்தோம். பிறகு எஸ்தர் பாட்டரியில் ஓடுகிற சின்னப் பெட்டி ஒன்றை வீட்டுக்குக் கொடுத்தார். ஊதாக் கோட்டுக்கு வெளியே, இரண்டு பக்கமும் ஒவ்வொரு தகடு. தகட்டுக்கு அடியில் நனைத்த பஞ்சு. தினமும் இருபது நிமிடம். எங்கள் இரண்டு பேரையும் உட்கார வைத்து அவர் சொன்னது இன்றைக்கும் காதில் இருக்கிறது. “ஒரு டம்ளர் வெதுவெதுப்பான தண்ணி, ஒரு சிட்டிகை உப்பு, அதுக்கு மேல வேண்டாம். அஞ்சு நிமிசத்துக்கு ஒரு தடவ தகட்டத் தூக்கித் தோலப் பாருங்க. தகடு கோட்டுக்கு உள்ள வழுக்கிச் சுட்டா அவன் கத்த மாட்டான், அவனுக்குத் தெரியாது. உங்க கண்ணுதான் அவனுக்காகக் கத்தணும்.”

செய்தோம். மதியச் சாப்பாட்டுக்கு நான் வீட்டுக்கு வருகிற நேரத்தில் உனக்குக் கட்டுவோம். உன் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை தூக்கித் தூக்கிப் பார்ப்பாள். இரண்டு மாதம் ஒன்றும் தெரியவில்லை. பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, சாப்பிட்டுக்கொண்டிருந்தவன் கையை இலையிலேயே வைத்துக்கொண்டு ஒரு மாதிரி விழித்தாய். “யப்பா, வெளிக்கி வருத மாதிரி இருக்கு” என்றாய். வந்த பிறகு அல்ல, வருகிறதுக்கு முன்னால்! உன்னைத் தூக்கிக்கொண்டு கொல்லைக் கக்கூஸுக்கு ஓடினேன். நீ அங்கே உட்கார்ந்து போனாய். பதினோரு வயதுப் பையன் கக்கூஸில் வெளிக்கிப் போனதற்கு ஒரு வீட்டில் இரண்டு பேர் கட்டிப்பிடித்து அழுதார்கள் என்றால் யாரும் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். அந்த வாரம் மூன்று தடவை அப்படி நடந்தது. ஒண்ணுக்கு விஷயத்தில் பெரிதாக மாற்றம் இல்லை, நனைகிற துணி கொஞ்சம் குறைந்திருந்தது, அவ்வளவுதான்.

அங்கேதான் எனக்குப் புத்தி கெட்டது. ஒரு சிட்டிகை உப்புக்கே இந்தக் குணம் என்றால், என்று யோசித்தேன். உப்பைப் பற்றி எனக்கு அந்தப் பெண் சொல்லித்தர வேண்டுமா? இந்த ஊரில் எந்தப் பாத்தித் தண்ணீரில் உப்பு எத்தனை டிகிரி ஏறியிருக்கிறது என்று நாக்கில் வைத்துச் சொல்கிறவன் நான். கடல் தண்ணீர் மூன்று டிகிரி. வெயிலில் ஏறி ஏறி இருபத்தைந்து வந்தால் உப்பு விளையும். அதற்குச் சற்று முந்திய பாத்தியிலிருந்து, இருபத்திரண்டு டிகிரித் தண்ணீரை, கண்ணாடி மாதிரித் தெளிந்ததாகப் பார்த்து ஒரு பாட்டிலில் பிடித்து வந்தேன். உப்பு அதிகமானால் கரண்ட் நன்றாக உள்ளே போகும், கரண்ட் நன்றாகப் போனால் நரம்பு சீக்கிரம் எழும்பும், இது என் கணக்கு. வேலுச்சாமி செத்ததைப் பார்த்தவன் போட்ட கணக்கு! பயந்தவனுக்கு ஒரு நல்லது நடந்துவிட்டால் தைரியம் வராது, குருட்டுத் தைரியம்தான் வரும். உன் அம்மாவிடம் நான் சொல்லவில்லை. அன்றைக்கு அவள் ஒரு துக்க வீட்டுக்குப் போயிருந்தாள்.

சித்திரை வெயில். பஞ்சை நனைத்துக் கட்டிவிட்டு, நீ குப்புறப் படுத்துப் பாடம் வாசிக்க, நான் சாய்ந்து உட்கார்ந்தேன். தகட்டைத் தூக்கிப் பார்க்க வேண்டும் என்பது எனக்குத் தெரியும். அடிக்கடி எடுத்தால் தொடர்ச்சி விட்டுப்போகும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இருபது நிமிடத்துக்குப் பதில் நாற்பது நிமிடம் விட்டேன். பட்டையை அவிழ்த்துத் தகட்டை எடுத்தால், பஞ்சு காய்ந்து மொறமொறவென்று இருந்தது. உன் உடம்புச் சூட்டிலும் அந்த வெயிலிலும் தண்ணீர் வற்றி, டிகிரி ஏறி, உன் முதுகில் உப்பு விளைந்துவிட்டது. வலது பக்கத் தகடு வழுக்கி ஊதாக் கோட்டுக்கு உள்ளே போயிருந்தது. உப்புக்கட்டி தோலைக் கீறி, கீறின இடத்தில் கரண்ட் முழுதும் இறங்கி, நாலணா அகலத்துக்கு வெள்ளையாக வெந்திருந்தது. நீ பாட்டுக்கு, “முடிஞ்சிட்டாப்பா?” என்று கேட்டுவிட்டுப் பாடத்தைத் தொடர்ந்து வாசித்தாய். நீ அலறியிருந்தால்கூட எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

பாட்டிலைச் சாக்கடையில் ஊற்றினேன். பஞ்சை அடுப்பில் போட்டேன். உன் அம்மா வந்து பார்த்து, “என்ன செஞ்சிய? என்னத்த வச்சிய?” என்று கேட்டதற்கு, “அந்த அம்மா சொன்னபடிதான் செஞ்சேன்” என்றேன். ஆஸ்பத்திரியில் எஸ்தர் கேட்டதற்கும் அதையே சொன்னேன். அவர் முகம் வெளுத்துப் போயிற்று. பெட்டியை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எத்தனை சிட்டிகை உப்பு என்று கேட்டார். ஒன்று என்றேன். புண் ஆற ஐந்து மாதம் ஆயிற்று. நடுவில் சீழ் வைத்துக் காய்ச்சல் வந்து நீ உளறினாயே, அந்த மூன்று நாளும் நான் செய்துகொள்ளாத வேண்டுதல் இல்லை. வேண்டுதலில்கூட நான் என்ன செய்தேன் என்று சொல்லவில்லை, பிள்ளையைக் காப்பாற்று என்று மட்டும்தான் சொன்னேன். சாமியிடமே மறைத்த ஆள் உன் அப்பன்.

இது வரைக்கும் சொன்னது நான் செய்த தப்பு. இனிமேல்தான் பொய். புண் ஆறின பிறகு எஸ்தர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். “மறுபடி தொடங்கலாமா அண்ணாச்சி? இந்தத் தடவ வீட்டுக்கு வேண்டாம், இங்கனயே என் கண்ணு முன்னால வச்சுச் செய்யுதேன். அவனுக்கு ஒரு வழி தெரிஞ்சுது, அத விட்டுரக் கூடாது. அவன்கிட்டயும் கேட்டுட்டு வாங்க, அவன் உடம்புல்லா” என்றார். நான் வெளியே வந்தேன். நீ வராந்தாவில் பெஞ்சில் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டிருந்தாய். “கரண்டு அக்கா என்னப்பா சொன்னாவ? மறுபடி வைக்கப் போறாவளா?” என்று கேட்டாய். உன் முகத்தில் பயம் இல்லை. எனக்குத்தான் அந்த வெள்ளைப் புண் கண்ணுக்குள்ளேயே நின்றது. “இல்லல, அவங்க வேண்டாம்னுட்டாங்க. உன் உடம்புக்கு ஒத்துக்கிடலையாம்” என்றேன். திரும்ப உள்ளே போய் அவரிடம், “பையன் வேண்டாங்கான், டாக்டரம்மா. ரொம்பப் பயப்படுதான்” என்றேன். அவர் கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தார். “சரி. பிள்ள வேண்டாம்னா வேண்டாம்தான்” என்றார். பத்தடி தூரத்தில் இரண்டு பேரிடம் இரண்டு பொய். இரண்டையும் சொல்லி முடித்துவிட்டு உனக்கு ஆஸ்பத்திரி வாசலில் மிட்டாய் வாங்கிக் கொடுத்தேன்.

ஏன் அப்படிச் செய்தேன் என்று இத்தனை வருடம் யோசித்துவிட்டேன். மறுபடி தொடங்கினால் நான் செய்தது வெளியே வந்துவிடும் என்ற பயம் ஒன்று. மறுபடி வெந்து நீ செத்துவிடுவாய் என்ற பயம் ஒன்று. எது பெரியது என்று எனக்கே தெரியவில்லை, தெரிந்ததாகச் சொன்னால் அதுவும் பொய்யாகிவிடும். அந்த ஞாயிற்றுக்கிழமை வந்த உணர்ச்சி அதற்குப் பிறகு மூன்று நான்கு மாதத்தில் போய்விட்டது. தொடர்ந்திருந்தால் நின்றிருக்குமா? தெரியாது. எஸ்தரே சத்தியம் செய்யவில்லை. ஆனால் பார்த்திருக்கலாம். பார்க்கிறதுக்கான கதவை உன் பேரைச் சொல்லி நான் சாத்தினேன்.

போன வாரம் உப்பளத்தில் லீவு சொல்லிவிட்டு நான் எங்கே போனேன் என்று உன் அம்மா கேட்டாள், புதுத் துறைமுகத்தில் ஓர் ஆளைப் பார்க்க வேண்டியிருந்தது என்று சொன்னேன். அதுவும் பொய்தான், ஆனால் இதுதான் கடைசி. எஸ்தரைப் பார்க்கப் போனேன். தலையில் முன்பக்கம் நரைத்திருக்கிறது. கண்ணாடி போட்டிருக்கிறார். பெயர் சொன்னதும் உன்னைத் தெரிந்துகொண்டார், “காலச் சாச்சு நடப்பானே, காக்காய வேடிக்க பாப்பானே” என்று கேட்டார். நின்றபடியே, உனக்குப் புண் எப்படி வந்தது என்பதை மட்டும் சொன்னேன். இருபத்திரண்டு டிகிரி என்றதும் அவருக்குப் புரியவில்லை, பாத்தித் தண்ணீர் என்றதும் புரிந்துவிட்டது. அப்புறம், “எட்டு வருசம், அண்ணாச்சி. நாந்தான் பெட்டில அளவ மாத்தி வச்சுக் குடுத்துட்டேன்னு நெனச்சிட்டு இருக்கேன். அதுக்கப்புறம் ஒரு பிள்ளைக்கும் வீட்டுக்குப் பெட்டி குடுக்கல, தெரியுமா? தூரத்துல இருந்து வாரவங்க பாதில நின்னுபோனாங்க. அந்தப் பிள்ளையளுக்கு யாரு பதில் சொல்லுவா?” என்றார். சத்தம் போட்டிருந்தால் தாங்கியிருப்பேன், மெதுவாகத்தான் கேட்டார். காலில் விழப்போனேன். “அதெல்லாம் வேண்டாம், உக்காருங்க” என்றார், கடுப்பாகத்தான்.

கொஞ்ச நேரம் கழித்து உன்னைப் பற்றிக் கேட்டார். பம்பாய் என்றதும் நிமிர்ந்து உட்கார்ந்தார். அங்கே பெரிய ஆஸ்பத்திரியில் இந்த வைத்தியம் தெரிந்தவர்கள் இருக்கிறார்களாம், முதலில் கிட்னியைப் பார்ப்பார்களாம், அதைத் தள்ளிப்போடவே கூடாதாம். கரண்ட் இந்த வயதில் கேட்குமா என்றேன். “சின்ன வயசுல தொடங்குதது நல்லது. இப்பம் குணம் கம்மியாத்தான் இருக்கும், இல்லாமலும் போகலாம். ஆனா அவனுக்கு ஒரு தடவ தெரிஞ்சிருக்குல்லா” என்றார். நீ அந்த ஆஸ்பத்திரியில் காட்ட ஒரு கடிதம் எழுதி உறையில் போட்டு ஒட்டினார். கையில் கொடுக்கும்போது, விடாமல் பிடித்துக்கொண்டு கேட்டார்: “அன்னைக்கு வேண்டாம்னு அவன்தான சொன்னான்?” நான் தலையை ஆட்டினேன், இல்லை என்று. அப்போதுதான் அவர் கண் கலங்கியது.

அந்த உறையை இந்தக் கடிதத்தோடு வைத்திருக்கிறேன். உள்ளதைச் சொல்கிறேன், இரண்டு நாள் அதைக் கிழித்துப்போட நினைத்தேன். நான் இல்லாத ஊரில், எவனோ ஒருவன் உனக்கே தெரியாத இடத்தில் தகட்டை வைத்துக் கரண்டை விட, அடியில் தோல் என்ன ஆகிறது என்று தூக்கிப் பார்க்க உன் அம்மா பக்கத்தில் இருக்க மாட்டாளே என்று நினைக்கும்போது இதை எழுதுகிற கையே வேர்க்கிறது. போகாமல் இருந்தால், மூத்திரம் தங்கித் தங்கி உன் கிட்னி போய்விடுமே என்று அந்தப் பக்கமும் வேர்க்கிறது. நீ வரிசையில் வாளியோடு நிற்கிறதை நினைத்தாலும் பயம், நிற்க வெட்கப்பட்டு அடக்கிக்கொள்வாய் என்று நினைத்தாலும் பயம். எந்தப் பக்கம் திரும்பினாலும் எனக்குப் பயம்தான், ஏலே. இத்தனை நாள் என் பயத்துக்கு ஏற்றபடி உன் உடம்பை நடத்திவிட்டேன்.

அறையில் இருக்கிற ஐந்து பேரிடமும் முதல் நாளே சொல்லிவிடு, எனக்கு இப்படி, காலையில் எனக்கு நேரமாகும், நான் நாலரைக்கே எழுந்து போய்விடுகிறேன் என்று. இரண்டு நாள் சிரிப்பார்கள். மறைத்தவன் எப்படி வாழ்கிறான் என்பதற்கு உன் அப்பனைப் பார்த்துக்கொள். ஆபீசிலும் சொல். தினமும் குளித்ததும் முதுகுக்குப் பின்னால் கண்ணாடியைப் பிடித்து அந்த இடத்தைப் பார், செருப்பு கடித்தாலும் உனக்குத் தெரியாது, பாதத்தையும் பார். சிவந்திருந்தால் அன்றைக்கே டாக்டரிடம் போ. உப்பு ஒரு சிட்டிகை என்றால் சிட்டிகைதான் என்று அங்கே கரண்ட் வைக்கிறவர்களிடமும் சொல். உன் அம்மாவுக்கு இது எதுவும் இன்னும் தெரியாது. நீ ரயில் ஏறின பிறகு சொல்லப்போகிறேன். தண்ணீர் டம்ளர் வராது என்று நினைக்கிறேன்.

என்னை மன்னிக்கச் சொல்லி எழுதவில்லை. அது உன் இஷ்டம், எப்போது வேண்டுமானாலும், அல்லது எப்போதுமே வேண்டாம். ஆனால் எஸ்தர் பதிலுக்குக் காத்திருக்கிறார். போகிறானா இல்லையா என்று ஒரு வார்த்தை வந்து சொல்லுங்கள் என்றார், நீ போவதாக இருந்தால் அந்த ஆஸ்பத்திரிக்குத் தனியாகவும் எழுத வேண்டுமாம். அதனால் திங்கட்கிழமைக்குள் என்னிடம் சொல். கோபத்தோடு சொன்னாலும் சரி, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாலும் சரி. வேணும் என்றால் அவரிடம் போய் வேணும் என்பேன். வேண்டாம் என்றால் வேண்டாம் என்பேன். உன் வாயில் என்ன வருகிறதோ அதை அப்படியே கொண்டுபோய்ச் சொல்வேன்.

உன் அப்பா